9 அடி உயர அறையில் பரோக் காலத்துப் பிரபுவின் உருவப்படம் எடுபடுமா?

நீங்கள் கேட்டது இதுதான்: வரவேற்பறையில் ஒரே ஒரு பெரிய உருவப்படம் மாட்ட வேண்டும், பரோக் காலத்து (ஐரோப்பாவில் சுமார் 17-ஆம் நூற்றாண்டு) பிரபு, பட்டு உடை, லேஸ் காலர், பின்னால் திரைச்சீலை என்று முழு மிடுக்கோடு. கூரை 9 அடி. மற்றபடி வீட்டில் இருப்பதெல்லாம் இன்றைய சாதாரண சோபாவும் மேசையும்தான். படத்துக்குப் பொருத்தமாக மற்ற சாமான்களையும் அந்தக் காலத்து மாதிரி மாற்றினால்தான் சரியாக வருமா, மாற்றாவிட்டால் ஒட்டாமல் தனியாக நிற்குமா என்பது உங்கள் கவலை. அச்சுப் பிரதியா பழைய ஓவியமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். என் கணக்கில் இது சாமான் பற்றிய கேள்வியே இல்லை. அரண்மனைக் கூடத்துக்கென்று வரைந்த படம் ஒரு சாதாரண அறையில் இயல்பாக இருக்குமா என்றுதான் கேட்கிறீர்கள். இருக்கும். ஆனால் அதைத் தீர்மானிப்பது படத்தின் அளவு, மாட்டும் உயரம், வெளிச்சம் வரும் பக்கம், நீங்கள் அதைப் பார்க்கும் தூரம் இவைதான். சோபாவுக்கு அதில் பெரிய பங்கு கிடையாது.

பழைய ஓவியங்களுக்கு பிரேம் போடுவதும் அவற்றை மாட்டுவதும்தான் பல வருடங்களாக என் தொழில். ஓவியங்களைப் பழுது பார்ப்பவர்களோடு சேர்ந்து வேலை செய்ததில் கற்றது நிறைய. நான் கலை வரலாற்று ஆய்வாளர் இல்லை, அதனால் ஒரு படம் யார் வரைந்தது என்று தீர்ப்புச் சொல்லும் இடத்துக்குப் போக மாட்டேன். கீழே எழுதுவதில் எது கைகண்ட உண்மை, எது என் ரசனை மட்டும் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அளவு, ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். பரோக் உருவப்படம் என்றதும் எல்லார் மனதிலும் வருவது பிரெஞ்சு ஓவியர் ரிகோ 1701-ல் வரைந்த, பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியின் படம். அதன் உயரம் 277 சென்டிமீட்டர். உங்கள் கூரை 274. பிரேம் இல்லாமலே அது உங்கள் அறைக்குள் நிற்காது! அப்படியானால் பிரதியைச் சின்னதாக அச்சடித்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்து பார்த்தால் தெரியும், 120 சென்டிமீட்டருக்குக் குறைக்கும்போது உயிரளவில் இருந்த முகம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. எட்ட நின்றால் பெரிய நீலத் துணிக்குவியலும் அதன் மேல் ஒரு சின்னத் தலையும்தான் கண்ணுக்குப் படும். முழு உருவப் படத்தைக் குறைத்தால் முதலில் போவது முகம், முகம் போனால் அந்த ஆளே போன மாதிரி.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஓவியர்கள் பார்ப்பவர் எங்கே நிற்பார் என்பதை வரையும்போதே முடிவு செய்துவிட்டார்கள். பிளெமிஷ் ஓவியர் வான் டைக் 1635 வாக்கில் வரைந்த, வேட்டைக்குப் போன இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் படம் இப்போது பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சார்லஸ் நிஜத்தில் குட்டையான மனிதர். ஆனால் படத்தில் ஓவியர் நம் பார்வையைத் தாழ்வாக வைத்துவிட்டதால், தலை வானத்தின் பின்னணியில் எழும்பி, அவர் நம்மை மேலிருந்து பார்க்கிற மாதிரி நிற்கிறார். அதே வான் டைக் 1623-ல் இத்தாலியின் ஜெனோவாவில் வரைந்த, எலேனா கிரிமால்தி என்ற பிரபு குலப் பெண்ணின் படமும் இதே வேலையைச் செய்கிறது. கிட்டத்தட்ட 2.4 மீட்டர் உயரக் கேன்வாஸ், கீழிருந்து மேலே பார்க்கிற கோணம், அந்தப் பெண் கோபுரம் போல நிற்கிறார். இப்படிப்பட்ட படங்கள் பெரிய கூடத்தில், கொஞ்சம் உயரத்தில் தொங்க வேண்டியவை. அதைக் கொண்டுவந்து தாழ்ந்த கூரைக்குக் கீழே, சோபாவின் முதுகுக்கு மேலே நெருக்கி வைத்தால் உருவம் முன்னால் சாய்ந்து விழுவது போன்ற ஒரு சங்கடம் வரும். என்ன தப்பு என்று யாருக்கும் சொல்லத் தெரியாது, ஆனால் அறைக்குள் வருகிற எல்லாருக்கும் அது தெரியும்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது அரை உருவம் அல்லது முழங்கால் வரையிலான முக்கால் உருவம். இது கூரைக்காகச் செய்துகொள்ளும் சமரசம் என்று நினைக்க வேண்டாம், அந்தக் காலத்திலேயே இவை தனி அளவுகளாகப் புழங்கியவைதான். இங்கிலாந்தில் ஓவியர்கள் கிட்டத்தட்ட நிலையான அளவுகளில் கேன்வாஸ் வாங்கினார்கள்: முழங்கால் வரையிலான படத்துக்கு 50க்கு 40 அங்குலம், தலையும் மார்பும் மட்டும் என்றால் 30க்கு 25 அங்குலம். அங்கே இருந்த ஓவியர் நெல்லர், தன் காலத்து கிட்-கேட் மன்றத்து (அரசியல்வாதிகளும் எழுத்தாளர்களும் கூடிய லண்டன் மன்றம்) உறுப்பினர்களை வரைந்தபோது இரண்டுக்கும் நடுவில் 36க்கு 28 அங்குலம் என்று ஓர் அளவை எடுத்தார், அதில் தலையோடு ஒரு கையும் அடங்கும். அந்தப் படங்களை மாட்ட இருந்த அறையின் கூரை தாழ்வாக இருந்ததால்தான் அந்த அளவு என்று ஒரு கதை சொல்வார்கள். அதை ஒரு செவிவழிக் கதையாக எடுத்துக்கொண்டால் போதும். அளவு மட்டும் நிச்சயம், அதன் பிறகு அந்த அளவுக்கே கிட்-கேட் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. உங்கள் அறைக்கு 36க்கு 28 நன்றாகப் பொருந்தும், சுவர் நீளமாக இருந்தால் 50க்கு 40 கூடத் தாராளமாக நிற்கும். மிடுக்கு குறைந்துவிடுமோ என்று சந்தேகமாக இருந்தால் டச்சு ஓவியர் பிரான்ஸ் ஹால்ஸ் 1624-ல் வரைந்த சிரிக்கும் வீரன் படத்தைப் பாருங்கள். லண்டனில் வாலஸ் கலெக்ஷன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 83 சென்டிமீட்டர் உயரம்தான், அவர் பிரபுதானா என்பதும் உறுதியில்லை, படத்தில் எழுதியிருப்பது வயது 26 என்பதும் ஆண்டும் மட்டுமே. இருந்தும் அந்த எம்பிராய்டரி போட்ட சட்டைக் கையும், இடுப்பில் கை ஊன்றியதால் வெளியே நீட்டி நிற்கும் முழங்கையும், மீசைக்கடியில் இருக்கும் அந்த முகபாவமும் ஒரு கூடத்தையே நிறைத்துவிடும்.

முழு உருவப் படம் ஒன்றின் மேல்தான் ஆசை என்றால், பிரதியில் மேல்பாதியை மட்டும் எடுத்து அச்சடிக்கலாம். இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் பிளெமிஷ் ஓவியர் ரூபென்ஸ் 1606-ல் வரைந்த, பிரிஜிதா ஸ்பினோலா டோரியா என்ற ஜெனோவா சீமாட்டியின் படம் முதலில் முழு உருவமாக இருந்தது, பிற்காலத்தில் நாலு பக்கமும் வெட்டப்பட்டு இப்போது முழங்கால் அளவில் வாஷிங்டனில் தொங்குகிறது. வெட்டியது பெரிய இழப்புதான், நிஜ ஓவியத்தை யாரும் அப்படித் தொடவே கூடாது. ஆனாலும் மிஞ்சிய பகுதி தனியாக நிற்கிறது என்பதையும் அது காட்டுகிறது. பிரதியில் வெட்டும்போது கைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள், விரல் நுனியையோ மணிக்கட்டையோ துண்டாக்குகிற இடத்தில் விளிம்பு வரக்கூடாது. இந்தப் படங்களில் முகத்துக்கு அடுத்தபடி பேசுவது கைகள்தான்.

உயரத்தைப் பொறுத்தவரை, படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டர் என்பது அருங்காட்சியகங்களில் பரவலாக உள்ள பழக்கம். உருவப்படம் என்றால் நான் நடுப்புள்ளியை விடக் கண்ணைத்தான் பார்ப்பேன். அரை உருவப் படத்தில் கண்கள் மேல் மூன்றில் ஒரு பங்கில் இருக்கும், அதனால் நடுவை 145-ல் வைத்தால் கண்கள் தானாகவே நிற்பவரின் கண்ணுக்குச் சற்று மேலே வந்துவிடும். அது நல்ல உயரம், மரியாதை தெரியும், மிரட்டல் இருக்காது. உங்கள் அறையில் எல்லாரும் உட்கார்ந்தே பார்ப்பார்கள் என்றால் ஒரு சாண் இறக்கலாம். சோபாவுக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். அங்கே மாட்டினால் வீட்டுக்காரர் படத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருப்பார், தலைமுடி எண்ணெயும் வார்னிஷில் படும். எதிர்ச் சுவரில் மாட்டுங்கள், படத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்திலாவது நாற்காலி இருக்கட்டும். அந்தத் தூரத்தில்தான் பட்டுத் துணியின் தூரிகைக் கோடுகள் ஒன்று சேர்ந்து பட்டாகத் தெரியும்.

வெளிச்சம் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் செலவில்லாமல் படத்தை உயிர்ப்பிக்கிற ஒரே வழி இது. உங்களுக்குப் பிடித்த படத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான படங்களில் வெளிச்சம் இடப்பக்க மேலிருந்து வரும், வலக்கையால் வரைகிறவருக்கு அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தால்தான் தன் கை நிழல் வேலைமேல் விழாது. படத்துக்குள் இருக்கும் வெளிச்சமும் உங்கள் ஜன்னல் வெளிச்சமும் ஒரே பக்கத்திலிருந்து வருகிற சுவரைத் தேர்ந்தெடுங்கள். அப்போது அந்த ஆள் உங்கள் அறைக்குள்ளேயே இருப்பது போலத் தோன்றும். எதிர்ப்பக்கமாக வந்தால் முகம் தட்டையாகிவிடும். ஜன்னலுக்கு நேர் எதிர்ச் சுவரையும் தவிர்க்கவும், இருண்ட படமும் பளபளப்பான வார்னிஷும் சேர்ந்தால் கண்ணாடிதான், பிரபுவுக்குப் பதில் ஜன்னல் கம்பிகள்தான் தெரியும். வேறு வழியில்லை என்றால் மேல் விளிம்பு சுவரை விட்டுக் கொஞ்சம் முன்னால் சாயும்படி மாட்டலாம், பழைய மாளிகைகளில் இப்படிச் சாய்த்துத்தான் மாட்டினார்கள். ராத்திரிக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான (மஞ்சள் கலந்த வெளிச்சம் தரும்) எல்இடி ஸ்பாட்லைட் ஒன்று, நிறத்தைச் சரியாகக் காட்டும் குறியீடு (CRI) 90க்கு மேல், கூரையிலிருந்து, செங்குத்துக் கோட்டுக்கு 30 டிகிரி சாய்வில். இந்த ஓவியங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்க்கப்பட்டவை, வெள்ளை டியூப்லைட்டின் கீழ் வைத்தால் சதை நிறமெல்லாம் சாம்பலாகிவிடும்.

சுவரின் நிறம் பற்றி ஒரு விஷயம் நிச்சயம், மற்றதெல்லாம் ரசனை. நிச்சயமானது: பளிச்சென்ற வெள்ளைச் சுவரில் இருண்ட படத்தை மாட்டினால், கண் வெள்ளைக்குப் பழகிக்கொண்டு படத்தின் நிழல் பகுதிகளை எல்லாம் ஒரே கறுப்பாகக் காட்டும். கறுப்பு உடையின் மடிப்புகள், பழுப்புப் பின்னணிக்குள் இருக்கும் தூண், எல்லாம் காணாமல் போய்விடும். நடுத்தர அடர்த்தியில் ஒரு நிறம் அடித்தால் அவை திரும்ப வரும். அது மங்கிய சிவப்பா, சாம்பல் கலந்த பச்சையா, மண் நிறமா என்பது உங்கள் இஷ்டம். நான் சாம்பல் பச்சையைத்தான் சொல்வேன், சதை நிறம் அதன் பக்கத்தில் சூடாகத் தெரியும். அறை முழுவதும் அடிக்கத் தேவையில்லை, அந்த ஒரு சுவர் போதும். படத்தில் இருக்கும் நிறத்தை எடுத்து மெத்தைக்கும் திரைக்கும் அப்படியே பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. பழைய ஓவியத்தின் நிறங்களே இடம் மாறியவை: ஸ்மால்ட் என்ற நீலம் காலப்போக்கில் சாம்பலாகிவிடும், சிவப்புச் சாயங்கள் வெளுக்கும், வார்னிஷ் மஞ்சளாகும். நீங்கள் பார்த்துப் பொருத்துகிற அந்தப் பழுப்பு ஒரு காலத்தில் வேறு நிறமாக இருந்திருக்கலாம்.

பிரேம் விஷயத்தில் தங்க நிறம் எப்போதும் தேவை என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுப் படங்களுக்குச் செதுக்கு வேலையோடு தங்கம் பூசிய பிரேம் இயல்பு. டச்சுப் படங்களுக்கு அலை அலையாக வரி போட்ட கறுப்பு மரப் பிரேம், அது இன்றைய வீட்டோடு எளிதில் ஒட்டிக்கொள்ளும். தங்கம்தான் வேண்டும் என்றால் தங்க நிறப் பெயிண்ட் அடித்ததை வாங்காதீர்கள், அது வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு செத்துப்போய் நிற்கும். உண்மையான தங்க இலையைச் சிவப்புக் களிமண் பூச்சின் மேல் ஒட்டி, விளிம்புகளில் தேய்த்து அந்தச் சிவப்பு எட்டிப் பார்க்கும்படி செய்வார்கள், அந்த வெதுவெதுப்பு வேறு எதிலும் வராது. பித்தளை இலை விலை குறைவு, ஆனால் மேலே நல்ல பூச்சு இல்லாவிட்டால் கறுத்துப் போகும்.

சரி, பிரதியா பழையதா? முதல்முறை என்றால் பிரதியில் தொடங்குங்கள் என்பேன். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், வாஷிங்டனின் நேஷனல் கேலரி ஆஃப் ஆர்ட் ஆகியவை தங்களிடம் உள்ள பதிப்புரிமை முடிந்த ஓவியங்களின் பெரிய படக் கோப்புகளை இலவசமாகவே தருகின்றன. கேன்வாஸ் அச்சுக்கு அங்குலத்துக்கு 150 பிக்சல் இருந்தால் போதும், அதாவது 36 அங்குல உயரத்துக்கு 5400 பிக்சல். கோப்பு அதைவிடச் சிறியது என்றால் அளவைக் குறையுங்கள், இழுத்துப் பெரிதாக்கினால் முகம் மெழுகு பூசினது போல ஆகிவிடும். ஒளிரும் திரையில் பார்ப்பதை விட அச்சில் நிழல்கள் இருண்டு வரும், அதனால் முகமும் இருண்ட உடையும் சந்திக்கிற ஒரு துண்டை மட்டும் முதலில் அச்சடித்து, உங்கள் சுவரில், உங்கள் விளக்கில் வைத்துப் பாருங்கள். மேல்பூச்சு மங்கலாகவே இருக்கட்டும். கையால் வரைந்து தருகிற பிரதிகளும் கிடைக்கின்றன. அதில் துணி, நகை எல்லாம் பிரமாதமாக வந்திருக்கும், கண்களில்தான் தடுமாறியிருப்பார்கள், அதனால் கண்களை மட்டும் பெரிதாக்கிய புகைப்படம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பழைய ஓவியம் வாங்குவது வேறு உலகம். விற்பனைக் குறிப்பில் ஓவியரின் பெயர் மட்டும் இருந்தால் ஒரு பொருள், அவருடைய பட்டறை (அவருக்குக் கீழ் உதவியாளர்கள் வரைந்தது) என்றால் வேறு, அவர் வட்டம் (அவர் காலத்தில் அவர் தாக்கத்தில் வேறொருவர் வரைந்தது) என்றால் இன்னும் தள்ளி, அவர் பாணியில் என்றால் எப்போது வரைந்தது என்பதே திறந்த கேள்வி. பட்டறைப் படம் என்பது ஏமாற்று அல்ல. உறவினர்களுக்கும் நட்பு அரசவைகளுக்கும் அனுப்ப ஒரே முகத்தைப் பல பிரதிகளாக வரைவதுதான் அந்தத் தொழிலின் வழக்கமே. நான் முன்னால் சொன்ன லூயி படம்கூட ஸ்பெயினில் இருந்த பேரன் ஐந்தாம் பிலிப்புக்கு அனுப்ப வரைந்தது, லூயிக்குப் பிடித்துப் போய்த் தன்னிடமே வைத்துக்கொண்டு பிரதி எடுக்கச் சொன்னார். மூலையில் எழுதியிருக்கும் பெயரையும் குலச் சின்னத்தையும் அப்படியே நம்ப வேண்டாம், பல படங்களில் அவை பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை. புகைப்படம் அனுப்பி இது அசலா என்று என்னிடமோ வேறு யாரிடமோ கேட்டுப் பயனில்லை. நேரில், கேன்வாஸின் பின்புறத்தோடும் புற ஊதா விளக்கோடும் பார்க்காமல் யாரும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. வாங்கிவிட்டால் உருளைக்கிழங்கு, ரொட்டித் துண்டு, சோப்புத் தண்ணீர் என்று கேள்விப்பட்ட எதையும் வைத்துத் துடைக்காதீர்கள், ஈரமும் மாவுச்சத்தும் வெடிப்புகளுக்குள் இறங்கினால் வண்ணமே உரிந்து வரும். வெயில் நேராகப் படும் சுவர், எரிகிற அடுப்பின் சூடு படும் சுவர், ஈரம் கசியும் வெளிச்சுவர் மூன்றும் ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நடுவில் இருக்கும் ஆளோடு நின்றுவிடாமல் ஓரங்களையும் பாருங்கள். எலேனா கிரிமால்தியின் தலைக்கு மேல் சிவப்புக் குடையைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு கறுப்பினப் பணியாள். பிரெஞ்சு ஓவியர் மிஞார் 1682-ல் வரைந்த போர்ட்ஸ்மத் சீமாட்டியின் படத்தில் ஒரு கறுப்பினச் சிறுமி முத்தும் பவளமும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். சீமாட்டியின் பெயர் நமக்குத் தெரியும், அந்தச் சிறுமியின் பெயர் பதிவாகவில்லை. இப்படிக் குழந்தைகளைச் செல்வத்தின் அடையாளமாகப் பக்கத்தில் நிறுத்துவது அந்தக் காலப் படங்களில் அடிக்கடி வரும், சிலவற்றில் கழுத்தில் உலோக வளையமே இருக்கும். மாட்டக்கூடாது என்று நான் சட்டம் போடவில்லை. ஆனால் தினமும் நீங்களும் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்களும் பார்க்கப் போகிற படம் அது. அலங்காரம் என்ற பேரில் அந்தக் குழந்தையை இரண்டாம் முறையும் ஒரு சாமானாக ஆக்க எனக்கு மனம் வராது, வரவேற்பறைக்கு நான் வேறு படம்தான் எடுப்பேன்.

இப்போது சாமான். மாற்ற வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், இது முழுக்க ரசனைதான். வளைந்த கால் நாற்காலி, தங்க மேசை, சரவிளக்கு என்று பிரதிகளாகச் சேர்க்கச் சேர்க்க அசல் போலத் தோன்றிய படமும் பிரதியாகத் தெரிய ஆரம்பிக்கும். நேர்க்கோட்டில் எளிமையான சோபா, கீழே தாழ்வான நீளமான ஓர் அலமாரி, அதன் மேல் கிட்டத்தட்ட எதுவும் இல்லை, அவ்வளவு போதும். துணியிலும் மரத்திலும் நிஜமான இழைமை இருந்தால் படத்திலுள்ள பட்டோடும் வெல்வெட்டோடும் அது பேசும். அதே சுவரில் டிவி மட்டும் கூடாது, இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பிரேமையும் சேர்த்து மொத்த அளவுக்குப் பழுப்புத் தாளை வெட்டி, கண்கள் வருகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, அந்தச் சுவரில் ஒரு வாரம் ஒட்டி வையுங்கள். பெரும்பாலும் நினைத்ததைவிட ஓர் அளவு பெரிதாகத்தான் தேவைப்படும். 50க்கு 40 என்று முடிவானால் அகலமான மரப் பிரேமோடு எடை 10 கிலோவைத் தாண்டலாம், ஒற்றை ஆணியும் கம்பியும் போதாது. பிரேமின் இரு பக்கமும் வளையம், சுவரில் இரண்டு தனித்தனிக் கொக்கிகள், செங்கல் சுவர் என்றால் துளையிட்டு பிளக்கும் திருகும். ஜிப்சம் பலகைச் சுவர் என்றால் பலகையை நம்பாமல் அதற்குப் பின்னால் ஓடும் சட்டத்தைத் தேடி அதில் திருகுங்கள். சுவர் எந்த வகை, ஜன்னல் எந்தப் பக்கம், எதிர் நாற்காலி வரை எவ்வளவு தூரம் என்று எழுதினால் எந்தச் சுவர் சரி என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.